கணினிகள் பேசிக்கொள்வதை வரையப் பழகுவது எப்படி?

இரண்டு கணினிகள் ஒன்றோடொன்று பேசும் முறையை வரையச் சொன்னால், முதல்முறை வரைகிறவர்கள் ஏறக்குறைய எல்லோரும் ஒரே படத்தைத்தான் வரைவார்கள். இடப்பக்கம் ஒரு செங்குத்துக் கோடு, வலப்பக்கம் ஒன்று, நடுவில் போகிற அம்பு ஒன்று, திரும்பி வருகிற அம்பு ஒன்று. கேட்டேன், கொடுத்தாய், முடிந்தது. அந்தப் படத்தில் தவறு எதுவும் இருக்காது. ஆனால் அதைப் பார்த்து நிரல் எழுதப்போகிறவருக்குத் தேவையான எதுவும் அதில் இருக்காது. அம்பு போய்ச் சேராவிட்டால் என்ன செய்வது? இரண்டு முறை சேர்ந்தால்? பதில் வருவதற்குள் பொறுமையிழந்து மறுபடியும் அனுப்பிவிட்டால்?

நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் ஒரே கட்டணம் இரண்டு முறை பதிவாகிக்கொண்டிருந்தது. பல நாள் தேடினோம். வடிவமைப்பு ஆவணத்தில் படங்கள் நிறைய இருந்தன. "பதில் வரும் வழியில் தொலைந்துபோனால்" என்ற ஒரே ஒரு படம் மட்டும் இல்லை. அதை வரைந்திருந்தால் ஐந்து நிமிடம் ஆகியிருக்கும். அன்றிலிருந்து புதிதாகச் சேருகிறவர்களுக்கு நான் முதலில் கற்றுக்கொடுப்பது இந்தப் படங்களைத்தான்.

இந்தக் கட்டுரையில் ஒரு சின்ன நெறிமுறையை (கணினிகள் பேசிக்கொள்ளும் விதிகளை, அதாவது புரோட்டோகாலை) எடுத்துக்கொண்டு, அதை முதலில் செய்தி வரிசைப் படமாகவும், பிறகு நிலைப் படமாகவும் வரைந்து, இரண்டையும் ஒன்றோடொன்று மோதவிட்டுப் பார்க்கப்போகிறோம். தாள், பென்சில், இரண்டு நாணயம் போதும். மென்பொருள் கடைசியில் வந்தால் போதும்.

எடுத்துக்கொள்ளும் நெறிமுறை 1969-ல் வெளியானது. இங்கிலாந்தின் டெடிங்டனில் உள்ள தேசிய இயற்பியல் ஆய்வகத்தைச் சேர்ந்த பார்ட்லெட், ஸ்கேன்டில்பரி, வில்கின்சன் ஆகிய மூவர் எழுதியது. தரவின் சிறு துண்டைக் குறிக்கும் பாக்கெட் என்ற சொல்லைக் கணினி வலையமைப்புக்குள் கொண்டுவந்த டொனால்ட் டேவிஸின் ஆய்வகம்தான் அது. செய்திகளைத் தொலைக்கக்கூடிய ஒரு கம்பி வழியே, தரவு ஒன்றுகூடத் தொலையாமல், இரட்டிக்காமல் போய்ச்சேர வேண்டும். அதற்கு அவர்கள் செலவழித்தது ஒரே ஒரு பிட். சிறியதுதான், ஆனால் நெறிமுறைகளில் நடக்கக்கூடிய விபத்துகள் பெரும்பாலும் இதற்குள்ளேயே அடங்கிவிடும்.

வரைவதற்கு முன்: கம்பியின் குணத்தை எழுதுங்கள்

தாளின் மேலே, படம் எதுவும் போடுவதற்கு முன்பு, நடுவில் இருக்கும் சேனலைப் பற்றி நான்கு கேள்விக்குப் பதில் எழுதுங்கள். அது செய்தியைத் தொலைக்குமா? முன்பின்னாக மாற்றிக் கொடுக்குமா? தானாக இரட்டிக்குமா? சிதைக்குமா? நம் உதாரணத்தில் பதில்கள் இவை: தொலைக்கும். வரிசை மாற்றாது. தானாக இரட்டிக்காது. சிதைக்கலாம், ஆனால் சிதைந்தது சோதனைக் கூட்டலில் (சரிபார்க்கச் செய்தியோடு சேர்த்து அனுப்பும் எண், செக்சம்) தெரிந்துவிடும், தூக்கிப்போட்டுவிடுவோம். ஆகவே அதையும் தொலைந்த கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம்.

இந்த நான்கு வரியை எழுதாமல் வரைந்த படத்தை நான் நம்புவதில்லை. நாம் வரையப்போகும் நெறிமுறை மேலே எழுதிய சேனலில் சரியாக வேலை செய்யும். அதே நெறிமுறையை, இணையத்தில் செய்தி அனுப்பப் பயன்படும், வரிசை மாற்றிக் கொடுக்கக்கூடிய யூடிபி மேல் அப்படியே வைத்தால் உடைந்துவிடும். படத்தில் ஒரு கோடுகூட மாறியிருக்காது. சரி என்பது மட்டும் தப்பாகியிருக்கும்.

முதல் படி: கதைகளை வரையுங்கள்

செய்தி வரிசைப் படம் தொலைபேசி இணைப்பகங்களை வடிவமைத்தவர்களின் உலகத்திலிருந்து வந்தது. ஐடியூ என்று அழைக்கப்படும், ஜெனீவாவில் இருக்கும் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு அமைப்பு 1990-களின் தொடக்கத்தில் இசட்.120 என்ற எண்ணில் அதைத் தரப்படுத்தியது. சுருக்கமாக எம்எஸ்சி என்பார்கள். மென்பொருள் வடிவமைப்பை வரையும் குறியீடான யூஎம்எல் 2-ன் வரிசைப் படம் இதிலிருந்து நிறைய எடுத்துக்கொண்டது. அதை ஏற்கெனவே பார்த்தவர்களுக்கு இது அந்நியமாக இருக்காது.

வரையும் முறை எளிது. பேசிக்கொள்ளும் ஒவ்வொரு தரப்புக்கும் மேலே ஒரு பெட்டி, அதில் பெயர், அதிலிருந்து கீழே இறங்கும் ஒரு கோடு. செய்தி என்றால் ஒரு கோட்டிலிருந்து இன்னொரு கோட்டுக்கு அம்பு, அம்பின் மேல் செய்தியின் பெயர். தொலைந்த செய்திக்கு அம்பை நடுவழியிலேயே நிறுத்தி, நுனியில் ஒரு கறுப்புப் புள்ளி. டைமருக்கு மணற்கடிகாரக் குறி. கோடு முடியும் இடத்தில் ஒரு கறுப்புப் பட்டை. பட்டை என்றால் நாம் சொல்லவந்தது அவ்வளவுதான் என்று பொருள். அந்தத் தரப்பே செயலை முடித்து மறைந்துவிட்டால் பட்டைக்குப் பதில் பெருக்கல் குறி போட வேண்டும்.

குறிகளைவிட அவற்றின் பொருள்தான் முக்கியம், இங்கேதான் புதியவர்கள் வழுக்குவார்கள். இந்தப் படம் இரண்டே இரண்டு விஷயத்தை மட்டும் உறுதியாகச் சொல்கிறது. ஒன்று, ஒரே கோட்டில் மேலே இருப்பது முன்பு நடந்தது, கீழே இருப்பது பிறகு நடந்தது. இரண்டு, எந்தச் செய்தியும் அனுப்பப்பட்ட பிறகுதான் வந்துசேரும். அவ்வளவே. இடக்கோட்டில் ஒரு நிகழ்வும் வலக்கோட்டில் ஒரு நிகழ்வும் ஒரே உயரத்தில் இருந்தால் அவை ஒரே நேரத்தில் நடந்தன என்று பொருள் இல்லை. இரண்டு நிகழ்வுக்கு நடுவே நான்கு விரல் இடைவெளி விட்டதால் அதிக நேரம் ஆனது என்றும் பொருள் இல்லை. பரவிக் கிடக்கும் கணினிகளில் "முன்பு" என்ற சொல்லுக்கு இவ்வளவுதான் பொருள் இருக்க முடியும் என்பதை 1978-ல் லெஸ்லி லாம்போர்ட் தெளிவாக எழுதிவைத்தார்; இந்தப் படங்களின் உயிர் அதில்தான் இருக்கிறது.

இதைக் கையால் உணர ஒரு சின்னப் பயிற்சி. மூன்று கோடுகள் போடுங்கள்: அ, ஆ, இ. அ-விலிருந்து இ-க்கு ஒரு செய்தி. அதற்குக் கீழே ஆ-விலிருந்து இ-க்கு இன்னொன்று. படத்தைப் பார்த்தால் அ-வின் செய்திதான் முதலில் வந்துசேரும் என்று தோன்றும். இ-யின் கோட்டில் அப்படித்தான் வரைந்திருக்கிறோம். ஆனால் அ-வும் ஆ-வும் தங்களுக்குள் பேசவே இல்லையே. முதலில் சேரப்போவது யாருடையது என்பது யாருடைய கையிலும் இல்லை. நீங்கள் வரைந்தது ஓர் ஆசை, அதை நடத்திவைக்க ஆளில்லை. பந்தயம் என்று இதற்குப் பெயர், ரேஸ் என்றே பலரும் சொல்வார்கள். ஒரே கோட்டில் அடுத்தடுத்து இரண்டு வரவுகள் இருந்து, அவை வேறு வேறு ஆட்களிடமிருந்து வந்தால், அங்கே பென்சிலால் ஒரு வட்டம் போட்டு வையுங்கள். எந்த வரிசையில் வந்தாலும் பரவாயில்லை என்றால் கோட்டின் அந்தப் பகுதியை மட்டும் புள்ளிக்கோடாக வரைய வேண்டும். எம்எஸ்சியில் அதற்கென்றே வைத்த வழி அது.

சரி, இப்போது நம் நெறிமுறைக்கு வருவோம். அனுப்புநர், பெறுநர் என்று இரண்டு கோடுகள். பிட்டை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். அனுப்புநர் தரவை அனுப்பி டைமரை ஓடவிடுகிறார், ஒப்புகைக்காக (வந்தது என்று பெறுநர் அனுப்பும் பதிலுக்காக) காத்திருக்கிறார், டைமர் முடிந்துவிட்டால் மறுபடி அனுப்புகிறார். நல்ல கதையை ஒரு தாளில் வரையுங்கள். தரவு தொலைந்த கதையை இன்னொரு தாளில்: கறுப்புப் புள்ளி, மணற்கடிகாரம், மறுபடி அதே தரவு, ஒப்புகை. இதுவரை எல்லாம் சரியாகவே இருக்கும்.

மூன்றாவது தாளில் ஒப்புகை தொலையட்டும். தரவு போய்ச்சேர்ந்துவிட்டது, பெறுநர் அதை மேலே உள்ள பயனரிடம் கொடுத்துவிட்டார், ஒப்புகை வழியில் மறைந்தது. அனுப்புநருக்கு எதுவும் தெரியாது, மறுபடி அனுப்புகிறார். பெறுநர் அதைப் புதுத் தரவு என்று நினைத்து மறுபடியும் மேலே கொடுக்கிறார். நான் முதலில் சொன்ன இரட்டைக் கட்டணம் இதுதான். இரண்டாவது தாளையும் மூன்றாவது தாளையும் பக்கத்தில் வைத்து, அனுப்புநரின் கோட்டை மட்டும் பாருங்கள். இரண்டிலும் அவருக்கு நடந்தது ஒன்றேதான்: அனுப்பினார், டைமர் முடிந்தது, அனுப்பினார், ஒப்புகை வந்தது. எது தொலைந்தது என்று அவரால் அறியவே முடியாது. ஆகவே இந்தக் கோளாறை அனுப்புநரின் பக்கம் மட்டும் திருத்திச் சரிசெய்ய முடியாது என்பது, ஒரு வரி நிரல் எழுதும் முன்பே தெரிந்துவிடுகிறது. ஒரே கோடு, இரண்டு கதை என்று ஒப்பிட்டுப் பார்க்கும் இந்தப் பழக்கத்தைக் கைவிடாதீர்கள்.

தரவோடு ஓர் எண்ணைச் சேர்த்து அனுப்பினால் பெறுநர் பழையதை அடையாளம் கண்டுகொள்வார். 0, 1, 0, 1 என்று மாறிமாறி வரும் ஒரு பிட் போதும். இனி தரவை த0, த1 என்றும் ஒப்புகையை ஒ0, ஒ1 என்றும் எழுதுவோம்.

ஒப்புகைக்கு எதற்கு எண், வெறும் "வந்தது" போதாதா என்று கேட்கலாம். நான்காவது தாள் அதற்குத்தான். ஒப்புகை தொலையவில்லை, தாமதமாகிறது. அனுப்புநர் பொறுமையிழந்து த0-வை மறுபடி அனுப்பிவிடுகிறார். அதற்குப் பிறகு முதல் ஒப்புகை வந்துசேர்கிறது. நல்லது என்று அவர் த1-ஐ அனுப்புகிறார், அது தொலைகிறது. இதற்கிடையில் பெறுநர் இரண்டாவது த0-வுக்கு ஒரு ஒப்புகை அனுப்பியிருக்கிறாரே, அது இப்போது வருகிறது. எண் இல்லாவிட்டால் அனுப்புநர் அதை த1-க்கான ஒப்புகை என்றே எடுத்துக்கொள்வார். த1 போனது போனதுதான். யாருக்கும் தெரியாது, எந்தப் பிழைச் செய்தியும் வராது. எண் இருந்தால் வந்தது ஒ0, நான் காத்திருப்பது ஒ1 என்று ஒதுக்கிவிடலாம். இந்தத் தாளை அம்புகளைச் சாய்த்து வரைந்தால்தான் குறுக்கே வெட்டுவது கண்ணுக்குத் தெரியும். அம்புகளைக் கிடையாக, படிக்கட்டுப் போல அடுக்கி வரைந்தவர்கள் இந்தக் கதையைக் கண்டுபிடித்து நான் பார்த்ததில்லை.

இரண்டாம் படி: கோட்டை மடித்து நிலைப் படம் ஆக்குங்கள்

கதை எத்தனை வரைந்தாலும் கதைதான். இப்படி நடக்கலாம் என்று அது சொல்லும். இப்படி மட்டும்தான் நடக்கும் என்று சொல்லாது. நிரல் எழுதுகிறவருக்கு வேண்டியது சட்டம். ஒவ்வொரு தரப்புக்கும் தனித்தனியாக: நீ இந்த நிலையில் இருக்கும்போது இது வந்தால், இதைச் செய்து, அந்த நிலைக்குப் போ.

கதையிலிருந்து சட்டத்துக்குப் போகும் வழி இது. வரைந்த தாள்களில் அனுப்புநரின் கோடுகளை மட்டும் எடுத்து மேலிருந்து கீழே விரலை ஓட்டுங்கள். இரண்டு நிகழ்வுக்கு நடுவே விரல் நிற்கும் ஒவ்வோர் இடத்திலும், இப்போது இவர் எதற்காகக் காத்திருக்கிறார் என்று கேளுங்கள். அந்தப் பதிலையே நிலைக்குப் பெயராக எழுதுங்கள். ஒரே பதில் வரும் இடங்களையெல்லாம் ஒரே வட்டமாக மடியுங்கள். நிலை-1, நிலை-2 என்று பெயர் வைத்தால் மடிக்க முடியாது. காத்திருப்பதைப் பெயராக வைத்தால் தானாக மடிந்துவிடும்.

அப்படி மடித்தால் அனுப்புநருக்கு நான்கு நிலைகள் கிடைக்கும்: 0 அனுப்பத் தயார், ஒ0-க்குக் காத்திருப்பு, 1 அனுப்பத் தயார், ஒ1-க்குக் காத்திருப்பு. பெறுநருக்கு இரண்டே நிலைகள்: த0 எதிர்பார்ப்பு, த1 எதிர்பார்ப்பு. வட்டங்களை இணைக்கும் அம்புகளில் அனுப்புவதற்கு ஆச்சரியக்குறியும் பெறுவதற்குக் கேள்விக்குறியும் போட்டு எழுதுவது பழைய வழக்கம்: !த0 என்றால் த0-வை அனுப்பு, ?ஒ0 என்றால் ஒ0 வந்தால்.

படத்தைப் போட்டதும் திருப்தி அடைந்துவிடாதீர்கள். பக்கத்தில் ஓர் அட்டவணை போடுங்கள்: இடப்பக்கம் நிலைகள், மேலே வரக்கூடிய எல்லா நிகழ்வுகளும், டைமர் உட்பட. ஒரு கட்டம்கூடக் காலியாக இருக்கக் கூடாது. நடக்கவே முடியாது என்று நினைத்தால் ஏன் என்று காரணத்தோடு எழுதுங்கள். "0 அனுப்பத் தயார்" நிலையில் ஒ1 வந்தால்? வரலாம், போன சுற்றின் தாமத ஒப்புகை; ஒதுக்கிவிடு. ஒ0 வந்தால்? வர முடியாது, ஏனென்றால் சேனல் வரிசை மாற்றாது என்று மேலே எழுதியிருக்கிறோம். பார்த்தீர்களா, தாளின் தலையில் எழுதிய வரி இங்கே வேலைக்கு வருகிறது.

பெறுநரின் அட்டவணையில் ஒரு கட்டம் இருக்கிறது. புதியவர்களில் பாதிப்பேர் அதில் தவறுவார்கள். த1-ஐ எதிர்பார்க்கும்போது பழைய த0 வந்தால் என்ன செய்வது? பழையதுதானே, பேசாமல் தூக்கிப்போடு என்று எழுதுவார்கள். அதோடு மூன்றாவது தாளை ஓட்டிப் பாருங்கள். ஒ0 தொலைந்துவிட்டது. அனுப்புநர் த0-வை மறுபடி அனுப்புகிறார், பெறுநர் தூக்கிப்போடுகிறார். மறுபடி அனுப்புகிறார், மறுபடி தூக்கிப்போடுகிறார். இரண்டு பேரும் ஓயாமல் வேலை செய்கிறார்கள், ஒரு அடி நகரவில்லை. முட்டுக்கட்டை என்றால் எல்லாரும் நின்றுவிடுவார்கள், கண்டுபிடிப்பது சுலபம். இது அதைவிட மோசமானது, லைவ்லாக் என்பார்கள். சரியான பதில்: தரவை மேலே கொடுக்காதே, ஆனால் ஒ0-வை மறுபடி அனுப்பு.

இந்தச் சட்டங்களை வரைய எஸ்டிஎல் என்ற முழுமையான குறியீட்டு மொழி இருக்கிறது. தொலைபேசித் துறையில் 1976-லிருந்தே இருந்துவருவது, ஐடியூவின் இசட்.100. நிலைக்கு ஓரம் வளைந்த பெட்டி, வரும் செய்திக்கு ஒரு பக்கம் உள்ளே குழிந்த பெட்டி, போகும் செய்திக்கு ஒரு பக்கம் கூர்மையாக நீண்ட பெட்டி, முடிவெடுக்க வைரவடிவம். பார்க்க ஃப்ளோசார்ட் போலவே இருப்பதால் பயமில்லாமல் படிக்கலாம். ஆனால் ஓர் எச்சரிக்கை உண்டு. எஸ்டிஎல்லில் ஒவ்வொரு தரப்புக்கும் ஒரு வரவு வரிசை இருக்கும். ஒரு நிலையில் நீங்கள் எழுதாத செய்தி வரிசையின் முன்னால் வந்து நின்றால், அது சத்தமில்லாமல் எடுத்து எறியப்படும். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்திருக்க வேண்டுமானால், இணைகர வடிவப் பெட்டி போட்டுச் சேமிக்கச் சொல்ல வேண்டும். மேலே சொன்ன அட்டவணையைக் காலியில்லாமல் நிரப்பச் சொல்வது இதனால்தான். நீங்கள் விட்ட கட்டத்தை மொழி தன் இஷ்டத்துக்கு நிரப்பிக்கொள்ளும்.

நிலைகள் ஐம்பது, நூறு என்று பெருகினால் டேவிட் ஹாரெலின் ஸ்டேட்சார்ட் கைகொடுக்கும். இஸ்ரேலின் லாவி போர்விமானத் திட்டத்தில் ஆலோசகராக இருந்தபோது அவர் உருவாக்கியது, 1987-ல் கட்டுரையாக வந்தது. நிலைக்குள் நிலையை வைக்கலாம். புள்ளிக்கோட்டால் பிரித்து, ஒரே நேரத்தில் இரண்டு நிலைகளில் இருப்பதாகவும் வரையலாம். நம் உதாரணத்துக்கு அது தேவையில்லை.

மூன்றாம் படி: நாணயத்தை நகர்த்துங்கள்

இப்போது கையில் கதைகள் ஒரு பக்கம், சட்டங்கள் ஒரு பக்கம். அனுப்புநரின் நிலைப் படத்தில் ஒரு நாணயம், பெறுநரின் படத்தில் ஒரு நாணயம். நடுவில் இரண்டு சிறு கட்டங்கள் வரைந்து, ஒன்று போகும் சேனல், ஒன்று வரும் சேனல் என்று வையுங்கள். கையால் செய்வதற்காக ஒவ்வொன்றிலும் ஒரு நேரத்தில் ஒரே ஒரு துண்டுச் சீட்டுதான் இருக்கலாம். இடமில்லாதபோது அனுப்பியது தொலைந்ததாக வைத்துக்கொள்ளுங்கள். காத்திருப்பில் டைமர் எப்போது வேண்டுமானாலும் முடியலாம்.

முதலில் ஒவ்வொரு கதையையும் சட்டங்களின் மேல் ஓட்டுங்கள். எங்காவது நாணயம் நகர மறுத்தால், கதை தவறு அல்லது சட்டம் தவறு. அதன் பிறகு எதிர்ப்பக்கம்: தொடக்க நிலையிலிருந்து, நடக்கக்கூடிய ஒவ்வொன்றையும் நடத்திப் பார்த்து, புதிதாக வரும் ஒவ்வொரு கூட்டு நிலையையும் (இரண்டு நாணயமும் இரண்டு சேனலும் சேர்ந்த நிலை) குறித்துக்கொண்டே போங்கள். அனுப்புநரின் 4 நிலை, பெறுநரின் 2, போகும் சேனலில் 3 வாய்ப்பு (காலி, த0, த1), வரும் சேனலில் 3. பெருக்கினால் 72. அத்தனைக்கும் போக முடியாது. நான் எண்ணியபோது எட்டக்கூடியவை 28. ஒரு மாலையில், ஒரே தாளில் முடிந்துவிடும். கண்ணாடியில் பார்ப்பது போல 0-வும் 1-ம் இடம் மாறி வருவதால், 14-ஐக் கவனமாகச் செய்தால் மீதி தானாக வரும். உங்களுக்கு வேறு எண் வந்தால் எங்கே பிரிந்தோம் என்று தேடுங்கள். அந்தத் தேடலில்தான் படிப்பு இருக்கிறது.

ஒவ்வொரு கூட்டு நிலையிலும் கேட்க வேண்டியவை: இங்கிருந்து யாராவது நகர முடியுமா? வந்து நிற்கும் செய்திக்குச் சட்டத்தில் பதில் இருக்கிறதா? பெறுநர் வாங்காத தரவுக்கு அனுப்புநர் ஒப்புகை வாங்கிவிட்டாரா? முதல் கேள்விக்கு "இல்லை" என்றால் முட்டுக்கட்டை. அதை நேரில் பார்க்க ஆசையிருந்தால் டைமரை எடுத்துவிட்டு ஆடிப் பாருங்கள்: ஒரு செய்தி தொலைந்ததும் அனுப்புநர் ஒப்புகைக்கும் பெறுநர் தரவுக்கும் காத்திருக்க, இரண்டு சேனலும் காலியாக, எல்லாம் உறைந்து நிற்கும்.

இப்படி எண்ணிப் பார்ப்பது எப்போதும் முடியுமா என்றால், முடியாது. 1983-ல் பிராண்டும் சாஃபிரோபுலோவும் நிறுவியபடி, சேனலில் எவ்வளவு வேண்டுமானாலும் தேங்கலாம் என்று விட்டுவிட்டால், இரண்டே தரப்புகள் இருந்தாலும் முட்டுக்கட்டை வருமா என்று எல்லா நெறிமுறைக்கும் சொல்லக்கூடிய பொதுவான வழிமுறை கிடையாது. சேனலுக்கு ஓர் எல்லை போடுங்கள் என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம் அதுதான்.

கதைக்கும் சட்டத்துக்கும் உள்ள இந்த இடைவெளி ஒரு முழு ஆராய்ச்சித் துறையாகவே இருக்கிறது. தனித்தனித் தரப்புகளாகப் பிரித்ததும், நீங்கள் வரையாத கதைகளும் சேர்ந்து நடக்க ஆரம்பிக்கலாம். ஒருவர் கோட்டில் முதல் கதையும் இன்னொருவர் கோட்டில் மூன்றாம் கதையும் கலந்து, நாலாவதாக ஒன்று பிறக்கும். எந்தக் கதைத் தொகுப்புகளை எல்லையுள்ள சேனல்களோடு பேசும் இயந்திரங்களால் சரியாக நடத்திக்காட்ட முடியும் என்ற கேள்விக்கு விடை தேடிய முக்கியமான ஆய்வுகளில் ஒன்று சென்னையில் நடந்தது. சென்னை கணிதவியல் கழகத்தின் மாதவன் முகுந்தும் பி.எஸ். தியாகராஜனும் உடன் ஆய்வாளர்களும் 2000-த்திலிருந்து வெளியிட்ட, ஒழுங்குள்ள எம்எஸ்சி தொகுப்புகள் பற்றிய கட்டுரைகள் அவை. இந்தப் படங்களில் பழகிய பிறகு அவற்றைத் தேடிப் படிக்க முயலுங்கள். கணிதம் கடினம்தான், ஆனால் அவர்கள் கேட்கும் கேள்வி உங்களுக்கு ஏற்கெனவே பழக்கமானதாக இருக்கும்.

பெட்ரி வலை எப்போது?

நிலைப் படம் ஆளுக்கு ஒன்று. பல ஆட்கள் ஒரே பொருளுக்காகப் போட்டியிடுவதையோ, இரண்டு பேர் சேர்ந்தால்தான் நடக்கும் செயலையோ அதில் காட்டுவது சிரமம். கார்ல் ஆடம் பெட்ரி 1962-ல் தன் முனைவர் பட்ட ஆய்வில் கொண்டுவந்த வலைகள் அங்கே உதவும். வட்டம் என்றால் இடம், பட்டை என்றால் மாற்றம், வட்டத்துக்குள் புள்ளிகள். ஒரு பட்டைக்குள் அம்பு விடும் எல்லா வட்டங்களிலும் புள்ளி இருந்தால் பட்டை வெடிக்கும்: அங்கிருந்து புள்ளிகளை எடுத்து, வெளியே போகும் அம்புகள் காட்டும் வட்டங்களில் வைக்கும். நம் நெறிமுறையை அதில் வரைந்தால் "வழியில் த0" என்பதே ஒரு வட்டம். தொலைந்துபோவதைக் காட்டும் விதம் எனக்கு மிகவும் பிடிக்கும்: அந்த வட்டத்திலிருந்து அம்பு வாங்கி, வெளியே எந்த அம்பும் விடாத ஒரு பட்டை. புள்ளி உள்ளே போகும், வராது. ஒரே வட்டத்தில் இருக்கும் புள்ளிகளுக்குள் முன்பின் கிடையாது என்பதை மட்டும் மறக்காதீர்கள்; வரிசை முக்கியமான சேனலை வெறும் வட்டமாகப் போட்டுவிடக் கூடாது.

இனி கணினியை உட்காரவையுங்கள்

28 நிலைகளைக் கையால் எண்ணியவருக்கு, 28 லட்சத்தை எண்ணும் கருவி என்ன செய்கிறது என்று விளக்க வேண்டியதில்லை. பெல் ஆய்வகத்தில் ஜெரார்டு ஹோல்ஸ்மன் உருவாக்கிய ஸ்பின் 1991-லிருந்து இலவசமாகக் கிடைக்கிறது. நிலைப் படங்களை புரொமெலா என்ற மொழியில் எழுதிக்கொடுத்தால் அது எல்லா வழியிலும் நாணயத்தை நகர்த்திப் பார்க்கும். அங்கேயும் கேள்விக்குறியும் ஆச்சரியக்குறியும்தான். பிழை கண்டால் அது எப்படி நடந்தது என்பதைச் செய்தி வரிசைப் படமாகவே வரைந்து காட்டும். முதலில் நம் நெறிமுறையையே கொடுங்கள், பெறுநர் பழையதைப் பேசாமல் தூக்கிப்போடும் தவறான வடிவத்தில். முன்னேற்றம் இருக்கிறதா என்று சோதிக்கச் சொல்ல வேண்டும், அதை மறக்காதீர்கள். முட்டுக்கட்டையை மட்டும் தேடினால் எல்லாம் சரி என்றே பதில் வரும்.

அடுத்த பயிற்சிக்கு, இணையத்தில் தரவைத் தொலையாமல் கொண்டுசேர்க்கும் நெறிமுறையான டிசிபியை எடுத்துக்கொள்ளுங்கள். 1981 செப்டம்பரில் வந்த அதன் வரையறை ஆவணமான ஆர்எஃப்சி 793-ல், தட்டச்சு எழுத்துகளாலேயே வரைந்த ஒரு நிலைப் படம் இருக்கிறது. 11 நிலைகள், உலகம் முழுக்கப் பாடநூல்களில் திரும்பத் திரும்ப அச்சானது. இது சுருக்கம் மட்டுமே, முழு வரையறையாக எடுத்துக்கொள்ளாதீர்கள் என்று அந்த ஆவணமே சொல்கிறது. அதே ஆவணத்தின் 8-ஆம் படம் ஒரு கதை: இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் இணைப்பைத் திறக்க முயல்வது. அந்தக் கதையில், சின் (இணைப்பைத் திறக்கக் கேட்கும் செய்தி) வந்ததும் ஒவ்வொரு பக்கமும் சின்னையும் அக்கையும் (ஒப்புகையையும்) சேர்த்து அனுப்புகிறது. நிலைப் படத்திலோ அதே இடத்தில் அக் மட்டும் அனுப்பு என்று எழுதியிருக்கிறது. கதையும் சட்டமும் மோதுகின்றன. 1989 அக்டோபரில் வந்த ஆர்எஃப்சி 1122 இதைக் குறிப்பிட்டுத் திருத்தியது. அந்த நிலைப் படத்தில் இன்னும் இரண்டு குறைகளையும் அங்கேயே பட்டியலிட்டது.

திருத்தத்தை முதலில் படிக்காதீர்கள். 793-ஐத் திறந்து, 8-ஆம் படத்தை இரண்டு கோடுகளாக, அம்புகளைச் சாய்த்துப் பெரிதாக வரைந்துகொள்ளுங்கள். இரண்டு சின்களும் நடுவில் வெட்டிக்கொள்ள வேண்டும். நிலைப் படத்தை இரண்டு பிரதி எடுத்து, ஆளுக்கு ஒரு நாணயம் வைத்து, சின்-சென்ட் (சின்னை அனுப்பிவிட்டுக் காத்திருக்கும்) நிலையிலிருந்து தொடங்குங்கள்.